பல்லுறுப்புக்கோவை கணினியில் மக்கர் பண்ணினால்: அறிகுறியைப் பார்த்துப் பிழையைப் பிடிக்கும் வழி

மதுரையைச் சுற்றியுள்ள பொறியியல் கல்லூரிகளில் நியூமெரிக்கல் மெத்தட்ஸ் லேப் ஆரம்பித்துவிட்டால் எனக்கு வாட்ஸாப்பில் ஸ்க்ரீன்ஷாட்டாக வந்து குவியும், அதில் பெரும்பாலானவை பல்லுறுப்புக்கோவை சம்பந்தப்பட்டவை. ஒரு கல்லூரியில் மேட்லாப், பக்கத்துக் கல்லூரியில் லைசென்ஸ் செலவு வேண்டாம் என்று ஆக்டேவ், இன்னொன்றில் சைலாப், கடைசி வருட ப்ராஜெக்ட் என்று வந்துவிட்டால் எல்லாரும் பைத்தானும் அதன் எண்கணக்கு நூலகமான நம்பையும். மென்பொருள் மாறினாலும் தடுக்கி விழும் இடம் பெரும்பாலும் ஒன்றுதான். மேட்லாபிலும் ஆக்டேவிலும் பல்லுறுப்புக்கோவை என்று தனியாக எதுவும் கிடையாது, வெறும் எண் வரிசைதான் இருக்கிறது. எந்த எண் எந்த அடுக்குக்கு உரியது என்பது உங்கள் தலையில் இருக்கிறதே தவிர மென்பொருளுக்குத் தெரியாது. அதனால் சூத்திரத்தைச் சந்தேகப்படுவதற்கு முன்னால் அந்த எண் வரிசையைச் சந்தேகப்படுங்கள். உங்கள் திரையில் என்ன தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம்.

மூலம் வருகிறது, ஆனால் புத்தகத்தில் இருக்கும் விடை இல்லை

எக்ஸ்³ − 2எக்ஸ் − 5 = 0. நியூட்டன் தன் முறையைக் காட்டுவதற்கு எடுத்துக்கொண்ட அதே சமன்பாடு, இன்றைக்கும் நம்மூர் பாடப்புத்தகங்களில் தவறாமல் இருக்கும், விடை 2.0946 என்று எல்லாருக்கும் மனப்பாடம். இதை ரூட்ஸ் கட்டளையில் [1 -2 -5] என்று கொடுத்தால் 3.4495, −1.4495 என்று இரண்டு விடை வரும். முப்படிச் சமன்பாட்டுக்கு இரண்டே மூலமா என்று அங்கேயே நிமிர்ந்து உட்கார வேண்டும். எக்ஸ்² உறுப்பு இல்லை என்பதற்காக அதன் இடத்தையே விட்டுவிட்டீர்கள், அது எக்ஸ்² − 2எக்ஸ் − 5 என்று புரிந்துகொண்டு அதற்குச் சரியான விடையைத்தான் தந்திருக்கிறது. இல்லாத அடுக்குக்குப் பூச்சியம் போடுங்கள்: [1 0 -2 -5]. இப்போது 2.0946 வரும், கூடவே மெய்ப்பகுதி −1.0473, கற்பனைப் பகுதி ±1.1359 என்று ஒரு கலப்பெண் ஜோடியும் வரும்.

வரிசையின் நீளம் படியைவிட ஒன்று அதிகமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான் சோதனை. ஆக்டேவ் வைத்திருப்பவர்கள் பாலிஅவுட் என்று அடித்தால் அந்த வரிசையைச் சமன்பாடு மாதிரியே எழுதிக் காட்டும், அதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

மூலங்கள் தலைகீழாக வருகின்றன: 2 வர வேண்டிய இடத்தில் 0.5

இது ஒரு மென்பொருளில் கற்றதை இன்னொன்றில் அப்படியே அடிப்பவர்களுக்கு வரும். மேட்லாப், ஆக்டேவ், நம்பையின் பழைய பாலிஃபிட் (புள்ளிகளுக்குக் கோவை பொருத்துவது), பாலிவால் (கோவையின் மதிப்புக் காண்பது) எல்லாம் பெரிய அடுக்கிலிருந்து இறங்கி வரும். சைலாபில் பாலி கட்டளைக்கு ‘கோயஃப்’ என்று சொல்லிக் கெழுக்களைக் கொடுத்தால் மாறிலியிலிருந்து மேலே ஏறும். நம்பையின் புதிய பாலினாமியல் வகுப்பும் அப்படித்தான். எக்ஸ்² − 3எக்ஸ் + 2 என்று நினைத்து [1, −3, 2] கொடுக்கிறீர்கள், அது 1 − 3எக்ஸ் + 2எக்ஸ்² என்று படிக்கிறது. விடை 1, 2 வருவதற்குப் பதில் 1, 0.5. கெழுக்களைத் திருப்பிப் போட்டால் மூலங்கள் தலைகீழ் பின்னங்களாக மாறும் என்பது கணிதத்திலேயே உள்ள விதி, ஆகவே வந்த விடை ஒவ்வொன்றையும் 1-க்குக் கீழே போட்டுப் பாருங்கள். எதிர்பார்த்த விடை கிடைத்தால் வரிசை திரும்பியிருக்கிறது, வேறு எங்கேயும் தேட வேண்டாம்.

2 வைத்தால் பூச்சியம் வர வேண்டும், −3 என்கிறது

அதே எக்ஸ்² − 3எக்ஸ் + 2-இன் கெழு வரிசைக்கு பி என்று பெயர் வைத்துவிட்டு பி(2) என்று அடித்திருப்பீர்கள். கரும்பலகையில் அது எக்ஸ் = 2-இல் மதிப்பு, மேட்லாபிலும் ஆக்டேவிலும் அது வரிசையில் இரண்டாவது எண். எரர் எதுவும் காட்டாது என்பதால் வைவா வரைக்கும் அப்படியே போய்விடும். பி(0) என்றோ வரிசையின் நீளத்தைத் தாண்டிய எண்ணோ அடித்தால்தான் கத்தும். மதிப்பு வேண்டுமென்றால் பாலிவால், சைலாபில் ஹார்னர்.

இதோடு ஒட்டிய இன்னொன்று: பாலி, ரூட்ஸ் இரண்டும் எதிரெதிர் வேலை செய்பவை. பாலிக்கு மூலங்களைக் கொடுக்க வேண்டும். கெழுக்கள் என்று நினைத்து பாலிக்கு [1 -3 2] கொடுத்தால் 1, −3, 2 ஆகியவற்றை மூலமாகக் கொண்ட முப்படியைக் கட்டி [1 0 -7 6] என்று தரும். கேட்ட படியைவிட ஒரு படி கூடி வந்தால் இதுதான்.

கூட்டினால் எரர், பெருக்கினால் அர்த்தமில்லாத எண்

நீளம் வேறான இரண்டு வரிசையைக் கூட்ட முடியாது. சின்னதற்கு முன்னால் பூச்சியம் சேர்த்து நீளத்தைச் சமன் செய்யுங்கள், பின்னால் இல்லை. பின்னால் சேர்த்தால் எரர் போய்விடும், விடையும் சேர்ந்து போய்விடும். பெருக்கலுக்குக் கான்வ். புள்ளி-நட்சத்திரம் (.*) போட்டால் எண்ணுக்கு எண் பெருக்கும்: (எக்ஸ்+1)(எக்ஸ்+2) என்பது [1 3 2] ஆக வேண்டும், புள்ளி-நட்சத்திரத்தில் [1 2] என்று வந்து நிற்கும். சைலாபில் உண்மையான பல்லுறுப்புக்கோவை இருப்பதால் சாதாரண கூட்டல், பெருக்கல் குறியே போதும், அந்த விஷயத்தில் சைலாப் எனக்குப் பிடிக்கும்.

ஒரு எண் வர வேண்டிய இடத்தில் ஒரு முழு அணியே வந்து நின்றால், ஒன்று நிரையாகவும் இன்னொன்று நிரலாகவும் இருக்கிறது. ரூட்ஸ் தருவது நிரல், பாலிஃபிட் தருவது நிரை. மேட்லாப் 2016-இன் இரண்டாம் பதிப்பிலிருந்து இப்படிக் கலந்தாலும் எரர் சொல்லாமல் விரித்து அணியாக்கிவிடும், ஆக்டேவ் அதற்கு முன்பிருந்தே அப்படி.

அப்புறம் வகைக்கெழு எடுக்கும் பாலிடெர். அதற்குள் இரண்டு வரிசையைக் கொடுத்தால் இரண்டுக்கும் தனித்தனியே வகைக்கெழு வராது, இரண்டின் பெருக்கலுக்கு ஒரே வகைக்கெழு வரும்.

திரையில் சரியாக இருக்கிறது, ரெக்கார்டில் எழுதிக் கால்குலேட்டரில் போட்டால் தப்பு

எனக்கு வரும் கேள்விகளில் இதுதான் மிக அதிகம், கெட்டிக்கார மாணவர்களிடமிருந்தும் வருகிறது, அதனால் நின்று பார்ப்போம்.

பாலிஃபிட் போட்டதில் கெழுக்கள் 0.00012, −0.5, 1234 என்று கிடைத்திருக்கிறது என்று வையுங்கள். மேட்லாப் வழக்கமான காட்சியில் இதை எப்படிக் காட்டும் தெரியுமா? மேலே தனி வரியில் 1.0இ+03 என்று எழுதி ஒரு நட்சத்திரக் குறி, ஒரு வரி இடைவெளி விட்டு 0.0000, −0.0005, 1.2340. மேலே உள்ள வரிக்கு அர்த்தம், கீழே உள்ள எல்லாவற்றையும் ஆயிரத்தால் பெருக்கு என்பது. அது தலைப்பு மாதிரி தனியாக நிற்பதால் கண் அதைத் தாண்டிப் போய்விடுகிறது, கை கீழே உள்ள மூன்று எண்ணை மட்டும் ரெக்கார்டில் எழுதுகிறது. எக்ஸ் = 1000 என்று வைத்தால் உண்மையான மதிப்பு 120 − 500 + 1234 = 854. ரெக்கார்டில் எழுதியதை வைத்தால் 0.734.

சரி, ஆயிரத்தைக் கவனித்து பெருக்கிவிட்டோம் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் 0, −0.5, 1234 தான் கையில் இருக்கிறது, விடை 734. 120 எங்கே போனது? முதல் கெழுவை ஆயிரத்தால் வகுத்து நாலு தசமத்துக்குள் அடக்கியதில் அது 0.0000 ஆகிவிட்டது. திரையில் பூச்சியம் தெரிகிறது என்றால் உள்ளே பூச்சியம் இருக்கிறது என்று அர்த்தம் இல்லை. பெரிய அடுக்கின் கெழு எவ்வளவு சின்னதாக இருந்தாலும் அதைப் பெருக்குவது எக்ஸின் பெரிய அடுக்கு என்பதால், பல்லுறுப்புக்கோவையில் சின்ன கெழுதான் பெரிய சேதம் செய்யும்.

செய்ய வேண்டியது: எழுதுவதற்கு முன்னால் ஃபார்மேட் லாங் ஜி. அதைவிட நல்லது, எண்ணைக் கையால் எழுதவே எழுதாமல் அந்த மாறியையே அடுத்த கட்டளைக்குக் கொடுப்பது. ஆக்டேவ் இந்த ஆயிரம் விவகாரத்தை வழக்கமாகச் செய்வதில்லை, ஆனால் இலக்கங்களை அதுவும் வெட்டித்தான் காட்டும். எக்செல் வரைபடத்தில் ட்ரெண்ட்லைன் போட்டு அதன் சமன்பாட்டைப் படத்திலிருந்து பார்த்து எழுதுபவர்களுக்கும் இதே நோய்தான், இதே மருந்துதான்: அந்தச் சமன்பாட்டின் மேல் கிளிக் செய்து தசம இலக்கத்தைக் கூட்டுங்கள்.

‘பேட்லி கண்டிஷன்ட்’ (கணக்கு நிலையாக இல்லை) என்று எச்சரிக்கை

மதுரை மாவட்ட மக்கள்தொகையை 1951-லிருந்து 2011 வரை பத்து வருடத்துக்கு ஒன்றாக ஏழு புள்ளி எடுத்து பாலிஃபிட்டில் போடுவது லேபில் வழக்கமான கணக்கு. எக்ஸ் என்று வருடத்தை அப்படியே கொடுத்து ஐந்தாம் படி கேட்டால் இந்த எச்சரிக்கை வரும். நம்பையில் இந்த வகை எச்சரிக்கைக்கு ‘ராங்க் வார்னிங்’ என்று பெயர். காரணம் எளிது. உள்ளே எக்ஸின் ஒவ்வொரு அடுக்கையும் ஒரு நிரலாக வைத்த வாண்டர்மாண்ட் அணி கட்டப்படுகிறது, அதில் ஒரு நிரலில் எல்லாம் 1, இன்னொரு நிரலில் 2000-இன் ஐந்தாம் அடுக்கு, அதாவது 3.2 × 10¹⁶. கணினி துல்லியமாக வரிசையாக எண்ணக்கூடிய முழு எண்களே 2⁵³ வரைக்கும்தான், அது சுமார் 9 × 10¹⁵. போதாததற்கு 1951-உம் 2011-உம் பெரிய அடுக்குகளில் கிட்டத்தட்ட ஒரே மாதிரி தெரியும், நிரல்கள் ஒன்றுக்கொன்று நகலாகிவிடும்.

மேட்லாபிலும் ஆக்டேவிலும் பாலிஃபிட்டிலிருந்து மூன்றாவது வெளியீடாக மியூவைக் கேட்டால் சராசரியைக் கழித்துத் திட்ட விலக்கத்தால் வகுத்துவிட்டுப் பொருத்தும். நம் ஏழு வருடங்களுக்கு சராசரி 1981, திட்ட விலக்கம் 21.6025, 2011 என்பது 1.3887 ஆகிவிடும், எச்சரிக்கையும் போய்விடும். ஆனால் இங்கேதான் அடுத்த குழி: மதிப்புக் காணும்போது பாலிவாலுக்கும் அதே மியூவைக் கொடுக்க வேண்டும். மறந்தால் 1.3887 போக வேண்டிய இடத்தில் 2011 போய், மக்கள்தொகை உலகத்தையே தாண்டி எங்கேயோ நிற்கும். நம்பையின் பாலினாமியல்-ஃபிட்டும் எக்ஸை −1 முதல் 1-க்குள் சுருக்கிக்கொள்கிறது, அதன் கெழுவை அப்படியே எடுத்து எழுதினால் தப்பு, கன்வெர்ட் போட்டு மாற்றிவிட்டு எழுத வேண்டும்.

என்னைக் கேட்டால் மியூவும் வேண்டாம். நீங்களே வருடத்திலிருந்து 1981-ஐக் கழித்து 10-ஆல் வகுத்துவிடுங்கள், எக்ஸ் என்பது −3, −2, −1, 0, 1, 2, 3. ரெக்கார்டிலும் அழகாக இருக்கும், எக்ஸ்டர்னல் கேட்டாலும் ஒரே வரியில் விளக்கிவிடலாம்.

எல்லாப் புள்ளி வழியாகவும் போகிறது, ஆனால் கோடு பாம்பாக நெளிகிறது

இது மென்பொருள் கோளாறே இல்லை, படி அதிகம். ஏழு புள்ளிக்கு ஆறாம் படி போட்டால் எல்லாப் புள்ளியிலும் பொருந்தியே தீரும், ஆர்-ஸ்கொயர் 1 என்று வரும், அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. அதற்கு மேல் படி கேட்டால் விடை ஒன்றாக இருக்காது, மேட்லாப் அதையும் எச்சரிக்கும். சம இடைவெளிப் புள்ளிகளில் படியைக் கூட்டக் கூட்ட ஓரங்களில் ஆட்டம் கூடும் என்பதைக் கணிதவியலாளர் ருங்கே 1901-லேயே காட்டிவிட்டார். 1-ஐ (1 + 25எக்ஸ்²)-ஆல் வகுத்தால் வரும் சார்பை −1 முதல் 1 வரை போட்டு நீங்களே பார்க்கலாம்.

வைகை அணை நீர்மட்டத்துக்கும் நீர் இருப்புக்கும் வளைகோடு பொருத்திய ஒரு ப்ராஜெக்ட் பார்த்தேன். 9 புள்ளி, 8-ஆம் படி. அட்டவணையில் இருந்த ஒவ்வொரு எண்ணும் அச்சு மாறாமல் வந்தது. ஆனால் முழு மட்டமான 71 அடியை நெருங்கும்போது, கடைசி இரண்டு புள்ளிக்கு நடுவில் கோடு கீழே இறங்கியது, அதாவது தண்ணீர் ஏற ஏற இருப்பு குறைகிறது. ஆண்டிபட்டிப் பக்கம் எந்த விவசாயியிடம் காட்டினாலும் சிரிப்பார். இரண்டாம் படிக்கோ மூன்றாம் படிக்கோ இறங்கி வந்தால் புள்ளிகளைக் கொஞ்சம் விலகிப் போகும், ஆனால் அணை மாதிரி இருக்கும். எப்படிச் சோதிப்பது என்றால், பாலிடெர் போட்டு வகைக்கெழுவை எடுங்கள், உங்கள் எல்லைக்குள் நெருக்கமாக ஐந்நூறு இடத்தில் மதிப்புப் பாருங்கள், எங்காவது எதிர்மறை வந்தால் அந்தப் படி வேண்டாம். புள்ளிகள் வழியாகப் போயே ஆக வேண்டும் என்றால் பல்லுறுப்புக்கோவையை விட்டுவிட்டு பிசிப் கட்டளைக்குப் போங்கள், அது புள்ளிகள் ஏறும்போது கோட்டை இறங்க விடாது.

மக்கள்தொகைக் கணக்கில் இன்னொரு சிக்கல், அதை எந்தக் கட்டளையும் கண்டுபிடிக்காது. பழைய மதுரை மாவட்டத்திலிருந்து 1985-இல் திண்டுக்கல் பிரிந்தது, 1990-களில் தேனி பிரிந்தது. 2011-இல் மாவட்டத் தொகை 30,38,252. அதோடு 1951-இன் பழைய எல்லைக்குரிய தொகையை ஒரே வரிசையில் வைத்தால் கோட்டில் வரும் பள்ளம் அரசாணையால் வந்தது. இன்றைய எல்லைக்குத் திருத்திய எண்களை எடுங்கள். அப்புறமும் 2031-க்கு நீட்டிச் சொல்ல ஆறாம் படியைப் பயன்படுத்தாதீர்கள்.

மெய் மூலம் வர வேண்டிய இடத்தில் கற்பனைப் பகுதி ஒட்டிக்கொண்டு வருகிறது

(எக்ஸ் − 1)³-ஐ விரித்து [1 -3 3 -1] என்று ரூட்ஸுக்குக் கொடுங்கள். மூன்று 1 வர வேண்டும். வருவது 1-க்குப் பக்கத்தில் மூன்று எண், இரண்டுக்கு சின்னதாகக் கற்பனைப் பகுதி, ஆறாம் தசமம் பக்கத்திலேயே பிசிறு. மேட்லாபும் ஆக்டேவும் நம்பையும் மூலத்தைத் துணை அணி ஒன்றின் ஐகன் மதிப்பாகத்தான் கண்டுபிடிக்கின்றன, அந்த முறை நல்ல முறைதான். பிரச்சினை மூலம் திரும்பத் திரும்ப வருவதில் இருக்கிறது. கணினியின் அடிப்படைப் பிசிறு 2.2 × 10⁻¹⁶, மும்மடங்கு மூலத்தில் அதன் கன மூலம் அளவுக்குப் பிழை வரும், அது 6 × 10⁻⁶. நாலு மடங்கு என்றால் இன்னும் மோசம். ஆகவே கற்பனைப் பகுதி பூச்சியமா என்று இரட்டைச் சமக்குறி போட்டுச் சோதிக்காதீர்கள், தனி மதிப்பு 10⁻⁴-க்குக் கீழே இருக்கிறதா என்கிற மாதிரி உங்கள் கணக்குக்குத் தகுந்த எல்லை வைத்து வடிகட்டுங்கள்.

படி பெரிதானால் மடங்கு மூலம் இல்லாமலேயே இது நடக்கும். கணிதவியலாளர் வில்கின்சன் காட்டிய புகழ்பெற்ற உதாரணம்: 1, 2, 3 என்று 20 வரை மூலமாகக் கொண்ட கோவை. மூலங்கள் ஒன்றுக்கொன்று எவ்வளவு விலகி இருக்கின்றன பாருங்கள். ஆனாலும் எக்ஸ்¹⁹-இன் கெழுவான −210-ஐ 2⁻²³ அளவு, அதாவது ஏழாம் தசமத்தில் 1 என்கிற அளவு, குறைத்தால் இருபதில் பத்து மூலங்கள் கலப்பெண்ணாகிவிடுகின்றன, ஒரு ஜோடி 16.73 ± 2.81 என்று போய் நிற்கிறது. எந்த மென்பொருளும் இதைச் சரிசெய்யாது, ஏனென்றால் கெழுக்களிலேயே அந்தத் தகவல் அவ்வளவு மெல்லியதாகத்தான் இருக்கிறது. ஒரு அணியின் ஐகன் மதிப்புதான் வேண்டும் என்றால் பாலி போட்டுச் சிறப்புக் கோவை எடுத்து அப்புறம் ரூட்ஸ் என்று சுற்றி வராமல் நேராக ஐக் கட்டளைக்குப் போங்கள். வகுப்பில் சொல்லிக்கொடுத்த வழி அதுதான் என்பது எனக்குத் தெரியும், 3×3-க்கு அது சரி.

ஒரு மூலம் மட்டும் பதினாறு பூச்சியத்தோடு வருகிறது

முதல் கெழு பூச்சியம் என்று நினைத்தீர்கள், அது பூச்சியம் இல்லை. 0.1 + 0.2 − 0.3 போட்டுப் பாருங்கள், 5.55 × 10⁻¹⁷ வரும். இரண்டு கோவையைக் கழித்து முதல் உறுப்பு ஒழிந்தது என்று விட்ட இடத்தில் இப்படி ஒரு தூசி உட்கார்ந்திருக்கும். [0.1+0.2-0.3 1 -3 2] என்று ரூட்ஸுக்குக் கொடுத்தால் சுமார் −1.8 × 10¹⁶ என்று ஒரு மூலம் கூடுதலாக வரும். நிஜப் பூச்சியமாக இருந்தால் ரூட்ஸ் தானே தள்ளிவிடும், தூசியைத் தள்ளாது. கெழுக்களில் மிகப் பெரியதோடு ஒப்பிட்டு மிகச் சின்னதாக இருக்கும் முன்வரிசை எண்களை நீங்களே வெட்டிவிடுங்கள். டீகான்வில் வகுக்கும்போது மீதியாக 10⁻¹⁵ வந்தாலும் அதே தூசிதான், மீதி இல்லை என்றே எழுதலாம்.

எல்லாக் கெழுவும் நேன்

எக்செல் கோப்பில் ஒரு கட்டம் காலியாக இருக்கிறது. ஒன்று போதும், மொத்த பாலிஃபிட்டும் நேன் (NaN, ‘எண் அல்ல’ என்ற குறி) ஆகிவிடும். நம்பையில் எஸ்விடி (உள்ளே அணியைப் பிரிக்கும் கணக்கு) ஒருங்கவில்லை என்று சம்பந்தமே இல்லாத மாதிரி எரர் வரும், காரணம் பெரும்பாலும் இதே காலிக் கட்டம்தான். எக்ஸ், ஒய் இரண்டிலும் அந்த வரிசை எண்ணைச் சேர்த்து நீக்குங்கள், ஒன்றில் மட்டும் நீக்கினால் ஜோடி மாறிவிடும்.

நேர்மறை எண்ணை மட்டும் பெருக்கினேன், எதிர்மறை வருகிறது

நம்பை, அதுவும் விண்டோஸ் கணினி. 2.0-க்கு முந்தைய பதிப்புகளில் விண்டோஸில் முழு எண் வழக்கமாக 32 பிட், 214 கோடியே 74 லட்சத்தைத் தாண்டினால் சுற்றிவந்து எதிர்மறைக்குப் போய்விடும், எரர் எதுவும் வராது. எக்ஸ்³-க்கு [1, 0, 0, 0] என்று கொடுத்து 2000 அடங்கிய முழு எண் வரிசையை பாலிவாலில் போட்டால் 800 கோடிக்குப் பதில் −58,99,34,592 வரும். வீட்டில் லினக்ஸில் ஓடியது லேபில் ஓடவில்லை என்று வரும் புகாருக்கு இதுதான் காரணமாக இருக்கும். லினக்ஸில் 64 பிட் என்பதால் அங்கே இந்தக் கணக்கு தப்பிவிடும், ஆனால் ஆறாம் அடுக்கு என்றால் அங்கேயும் மாட்டும். மேட்லாபில் முழு எண் வகையாக இருந்தால் சுற்றி வராது, உச்ச எண்ணில் போய் ஒட்டிக்கொண்டு நிற்கும், எல்லா விடையும் ஒரே பெரிய எண்ணாக வந்தால் வகையைப் பாருங்கள். நம்பையில் வரிசையை உருவாக்கும்போதே 2000 என்பதை 2000. என்று பின்னால் ஒரு புள்ளி வைத்து எழுதினால் தசம எண்ணாகிவிடும், அந்தப் புள்ளியே போதும்.